நாண்ட் டு டெட்ரிஸ் விஎம் எமுலேட்டர்: கீபோர்டுக்கு ஒரே ஒரு பெட்டி

பகலில் ஒரு பின்னலாடைக் கம்பெனியின் பில்லிங் மென்பொருளைக் கட்டி மேய்ப்பது என் பிழைப்பு. ராத்திரி பத்து மணிக்கு மேல், பாத்திரங்களைக் கவிழ்த்து வைத்த பிறகு, ‘குருவி’ என்று நானே பெயர் வைத்த ஒரு சின்ன நிரல்மொழிக்குக் கம்பைலர் எழுதுவது, அதாவது அந்த மொழியில் எழுதியதைக் கணினிக்குப் புரியும் கட்டளைகளாக மாற்றும் மென்பொருள் எழுதுவது, என் கிறுக்கு. எனில், வரை, திருப்பு, முடி என்று தமிழ்ச் சொற்களால் ஆன மொழி. தமிழில் நிரல் எழுத ‘எழில்’ ஏற்கெனவே இருக்கிறது, அதோடு போட்டி போடும் எண்ணமெல்லாம் எனக்கு இல்லை. கம்பைலர் என்றால் உள்ளே என்னதான் நடக்கிறது என்று என் கையாலேயே செய்து பார்க்க ஆசை, அவ்வளவுதான்.

குருவி எந்த நிஜ இயந்திரத்துக்கும் நேராக நிரல் எழுதாது. நாண்ட் டு டெட்ரிஸ் பாடத்திட்டத்தோடு இலவசமாகக் கிடைக்கும் விஎம் எமுலேட்டருக்குத்தான் எழுதும். விஎம் என்றால் மென்பொருளாலேயே ஆன கற்பனை இயந்திரம், அதை ஓட்டிக் காட்டுவது எமுலேட்டர். இந்த விமர்சனம் அந்த எமுலேட்டரைப் பற்றியது, குறிப்பாக அதன் கீபோர்டைப் பற்றியது. ‘திரையில் எழுது’ என்ற கட்டளையை ஒரே சனிக்கிழமையில் முடித்துவிட்டேன். ‘கீபோர்டிலிருந்து படி’ என்பதற்கு ஆறு வாரம் ஆனது.

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக. நோம் நிசான், ஷிமோன் ஷோக்கன் என்ற இரண்டு இஸ்ரேலியப் பேராசிரியர்கள் உருவாக்கிய பாடம் இது. 2005-ல் எம்ஐடி பிரஸ் வழியாகப் புத்தகமாக வந்தது, 2021-ல் இரண்டாம் பதிப்பு. மொத்தம் 12 திட்டங்கள். ‘நாண்ட்’ என்ற ஒரே ஒரு லாஜிக் கேட்டில் தொடங்கி, கூட்டல் சுற்று, நினைவகம், சிபியூ, அசெம்ப்ளர், விஎம், கம்பைலர், கடைசியில் ஒரு குட்டி ஆபரேட்டிங் சிஸ்டம் என்று ‘ஹேக்’ என்ற 16 பிட் கணினி முழுவதையும் நாமே கட்டுகிறோம். பாடத்துக்கு என்று ‘ஜாக்’ என்ற மொழியும் உண்டு. கருவிகள் ஜாவாவில் எழுதப்பட்டவை, விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். ஜாவா நிறுவச் சோம்பலாக இருந்தால் இப்போது பிரவுசரிலேயே ஓடும் பதிப்பும் வந்துவிட்டது. காசு ஒரு பைசா கிடையாது, பாடத்தில் சேர்ந்துதான் ஆகவேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. நான் சேரவில்லை. விஎம் பகுதியை மட்டும் உருவி எடுத்துக்கொண்டு என் மொழியை அதன் தலையில் கட்டினேன்.

வீட்டில் விளையாட்டாகக் கம்பைலர் எழுதுகிறவருக்கு இதைவிட நல்ல இலக்கு எனக்குத் தெரியாது. கட்டளைகள் மொத்தமே 17. எண்ணை அடுக்கில் வைக்கப் புஷ், எடுக்கப் பாப் என்று இரண்டு, கணக்குக்கும் தர்க்கத்துக்கும் ஒன்பது, தாவலுக்கு மூன்று, செயல்களுக்கு மூன்று. நினைவகம் எட்டுத் துண்டுகளாகப் பிரிந்திருக்கும். கணக்கின் நடுவே எண்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து எடுக்கும் அடுக்கு 256-ஆம் முகவரியில் தொடங்கும், நிரல் ஓடும்போது கேட்டு வாங்கும் இடமான ஹீப் 2048-ல், திரை 16384-ல். இந்த எண்களை நான் எங்கும் எழுதி வைக்கவில்லை. எங்கள் வாடிக்கையாளர்களின் ஜிஎஸ்டி எண்களைவிட இவை நன்றாக மனப்பாடம்.

அந்த 17-ல் உள்ளீட்டுக்கு என்று ஒரு கட்டளைகூடக் கிடையாது. முதலில் இது குறை என்று நினைத்தேன். பிறகுதான் விஷயம் பிடிபட்டது. கீபோர்டு என்பது இங்கே நினைவகத்தில் ஒரு பெட்டி, அவ்வளவுதான். முகவரி 24576. திரை 512க்கு 256 புள்ளி, ஒரு சொல்லுக்கு, அதாவது நினைவகத்தின் ஒரு பெட்டிக்கு, 16 புள்ளி, ஆக 8192 சொற்கள். 16384-ல் தொடங்கும் திரை முடிந்த மறு முகவரியே கீபோர்டு. எந்த விசையை அழுத்திக்கொண்டிருக்கிறீர்களோ அதன் எண் அந்தப் பெட்டியில் இருக்கும். கையை எடுத்தால் பூஜ்யம். இதற்கு மேல் ஒன்றுமே இல்லை.

அப்படியானால் குருவியில் ‘விசை()’ என்று ஒரு சொல் சேர்க்க, கம்பைலர் மூன்றே வரி கக்கினால் போதும்:

புஷ் கான்ஸ்டன்ட் 24576
பாப் பாய்ன்டர் 1
புஷ் தட் 0

முகவரியை அடுக்கில் வை, ‘தட்’ சுட்டியை (ஒரு முகவரியை நோக்கி நீட்டிய விரல் மாதிரி) அங்கே திருப்பு, அங்கே இருப்பதை எடுத்து அடுக்கில் போடு. எழுதிவிட்டு எனக்கே பெருமை தாங்கவில்லை. பாடத்தின் ஆபரேட்டிங் சிஸ்டத்தில் இதே வேலைக்கு ‘கீபிரெஸ்டு’ என்று ஒரு செயல் இருக்கிறது. அதைக் கூப்பிட்டால் ஒவ்வொரு தடவையும் திரும்பும் முகவரி, பழைய சுட்டிகள் என்று அடுக்கில் ஐந்து சாமானை ஏற்றி இறக்கவேண்டும். நான் அந்தச் செலவையே மிச்சம் பிடித்துவிட்டேனே!

மிச்சம் பிடித்த லட்சணம் இரண்டாம் நாள் தெரிந்தது. பாம்பு விளையாட்டு ஒன்று எழுதிக்கொண்டிருந்தேன். அழுத்திய விசைகளை ஒரு வரிசையில் சேர்த்து வைக்க,

பாதை[இ] = விசை()

என்று ஒரு வரி. வரிசையில் ஒன்றும் விழவில்லை. எல்லாமே பூஜ்யம். ‘பாதை[இ] = 5’ என்றால் ஒழுங்காக 5 விழுகிறது. ‘க = விசை()’ என்றாலும் சரியாக வருகிறது. இரண்டையும் சேர்த்தால் மட்டும் எண் எங்கோ காணாமல் போகிறது.

இங்கேதான் இந்த எமுலேட்டருக்கு நான் கைதட்டுவேன். ஒவ்வொரு கட்டளையாக நகர்த்தலாம். நகர்த்த நகர்த்த அடுக்கு, லோக்கல், ஆர்க்யுமென்ட், தட் எல்லாம் தனித்தனிக் கட்டங்களில் மாறுவது கண்முன் தெரியும். பக்கத்திலேயே ரேம் முழுவதும் எண்ணோடு இருக்கும். ரேமில் 4-ஆம் முகவரிதான் தட் சுட்டி. அதை மட்டும் பார்த்துக்கொண்டு நகர்த்தினேன். முதலில் பாதை வரிசையின் முகவரி அங்கே வந்து உட்கார்ந்தது, சரி. அடுத்து வலப்பக்கத்துக் கணக்கு தொடங்கியது. இரண்டே கட்டளையில் அதே 4-ஆம் பெட்டியில் 24576 ஏறிக்கொண்டது. கடைசியில் ‘பாப் தட் 0’. கீபோர்டிலிருந்து படித்த எண்ணைப் பத்திரமாகக் கொண்டுபோய்க் கீபோர்டுக்கே திருப்பிக் கொடுத்திருக்கிறது என் கம்பைலர். கொழுந்தியாளுக்குத் தரச்சொல்லிக் கொடுத்தனுப்பிய பலகாரத்தைத் தெருவைச் சுற்றிவிட்டு நம் வீட்டிலேயே கொண்டுவந்து வைத்த மாதிரி.

தப்பு எமுலேட்டர் மேல் இல்லை, முழுக்க என் மேல். வரிசைக்கு மதிப்பு கொடுக்கும்போது வலப்பக்கத்தை முதலில் கணக்கிட்டு, ‘டெம்ப்’ துண்டில் ஒதுக்கி வைத்துவிட்டு, அதற்குப் பிறகுதான் தட் சுட்டியை நகர்த்தவேண்டும். ஜாக் கம்பைலரை அப்படித்தான் எழுதச் சொல்கிறார்கள். நான் சுட்டியை முதலிலேயே நகர்த்திவிட்டேன். இத்தனை நாள் வலப்பக்கத்தில் வெறும் எண்களும் மாறிகளுமே வந்ததால் மாட்டவில்லை. ஒழுங்கு மரியாதையாக ஆபரேட்டிங் சிஸ்டத்தின் செயலைக் கூப்பிட்டிருந்தாலும் தப்பித்திருப்பேன். கூப்பிடும்போது பழைய தட் அடுக்கில் ஏறி, திரும்பும்போது பழையபடி இறங்கிவிடும். நான் தண்டம் என்று நினைத்த அந்த ஐந்து சாமானில் ஒன்று அதுதான்.

அடுத்த மண்டையிடி நியூலைன். ‘வரி()’ என்று ஒரு செயல், ஒரு வரி முழுவதையும் வாங்கித் திருப்பித் தரவேண்டும். எண்டர் அடித்தால் முடிய வேண்டும். எண்டர் என்றால் 13, இல்லாவிட்டால் 10, இருபது வருஷமாக என் ரத்தத்தில் ஊறியது. இரண்டையும் சோதித்தேன், வரி முடியவே இல்லை. ஹேக்கின் கணக்கில் எண்டர் 128, பேக்ஸ்பேஸ் 129. இடது அம்பு 130, மேல் 131, வலது 132, கீழ் 133. எஃப்1 முதல் எஃப்12 வரை 141 தொடங்கி 152. சாதாரண எழுத்துகளுக்கு மட்டும் எல்லாக் கணினியிலும் வழக்கமான ஆஸ்கி எண். ஜாக் மொழியில் எழுத்தை எழுத்தாகவே எழுத வழி கிடையாது, பெரிய ஏ வேண்டுமென்றால் 65 என்றுதான் எழுதவேண்டும். அந்த அவஸ்தை வேண்டாமென்று குருவியில் ‘மேல்’, ‘கீழ்’, ‘நுழை’, ‘அழி’ என்று பெயர்களைக் கம்பைலருக்குள்ளேயே சேர்த்துவிட்டேன். விசைகளுக்குப் பெயர் வைப்பது ஒரு மணி நேர வேலை. சந்தோஷம் அதற்கு மேல்.

இனி நிஜமான பிரச்சினைக்கு வருகிறேன்.

பாம்பு ஓட ஆரம்பித்ததும் ஏழாம் வகுப்பு படிக்கும் என் மகளைக் கூப்பிட்டு உட்கார வைத்தேன். ஸ்பேஸ் அழுத்தினால் ஆட்டம் நிற்கும், மறுபடி அழுத்தினால் தொடரும் என்று சொல்லிக் கொடுத்தேன். அழுத்தினாள். நின்றது, ஓடியது, நின்றது, ஓடியது, கடைசியில் எதில் நிற்கும் என்றே சொல்லமுடியவில்லை.

“ஏம்மா, நான் ஒருக்காத்தானே அமுக்குனேன்? இது என்ன இந்தக் குதி குதிக்குது?”

அவள் அமுக்கியது ஒருக்காத்தான். அந்த ஒரு அமுக்கு நீடித்த நேரத்துக்குள் என் நிரல் 24576-ஐ எத்தனையோ தடவை எட்டிப் பார்த்துவிட்டது. ஒவ்வொரு தடவையும் அங்கே 32 இருந்தது, ஒவ்வொரு தடவையும் ‘ஸ்பேஸ் வந்துவிட்டது’ என்று குதித்தது. இந்தப் பெட்டி, வாசலில் இப்போது யார் நிற்கிறார் என்று மட்டும்தான் சொல்லும். புதிதாக வந்தவரா, காலையிலிருந்தே நிற்பவரா என்று சொல்லாது. நாம் அடுப்படியில் இருந்தபோது யாராவது வந்து தட்டிப் பார்த்துவிட்டுப் போனாரா என்றும் சொல்லாது.

விண்டோஸிலும் பிரவுசரிலும் நிரல் எழுதிப் பழகியவர்களுக்கு இந்த வித்தியாசம் சட்டென்று உறைக்காது. அங்கே ‘அழுத்தப்பட்டது’ என்ற சேதி தானாக வரும், வரிசையில் காத்திருக்கும், ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்ளலாம். இங்கே சேதி கிடையாது, நிலைமை மட்டும்தான் உண்டு. நிலைமையிலிருந்து சேதியை உண்டாக்கும் வேலை கம்பைலர் எழுதுகிறவர் தலையில். அதற்காக நான் சேர்த்தது இது:

செயல் தட்டு()
  இப்போது = விசை()
  இப்போது = முன்பு எனில் திருப்பு 0
  முன்பு = இப்போது
  திருப்பு இப்போது
முடி

‘முன்பு’ என்பது ஸ்டாடிக் துண்டில் இருக்கும் மாறி, செயல் முடிந்தாலும் அழியாது. போன தடவை பார்த்த அதே ஆள் நின்றால் பேசாமல் பூஜ்யம். ஆள் மாறினால் மட்டும் சொல். கை எடுத்ததும் ‘முன்பு’ தானாகப் பூஜ்யமாகிவிடும், ஆகவே அதே விசையை இரண்டாம் முறை அழுத்தினாலும் பிடிபடும். ஸ்பேஸ் குதிப்பது அன்றோடு நின்றது.

இது தீர்ந்ததும் நேர் எதிர்ப் புகார் வந்தது. “சில சமயம் அமுக்குனா திரும்பவே மாட்டேங்குதும்மா.” பாம்பு மெதுவாக நகரவேண்டும் என்று ஒவ்வொரு அடிக்கும் நடுவே 150 மில்லிசெகண்ட் ஓய்வு வைத்திருந்தேன். அந்த ஓய்வில் நிரல் எதையும் பார்க்காது. குழந்தைகள் விசையைத் தொட்டும் தொடாமலும் தட்டுவார்கள். அவள் விரல் வந்துபோன நேரம் முழுவதும் ஓய்வுக்குள்ளேயே விழுந்துவிட்டால், அழுத்தியதற்கான தடயமே எங்கும் இருக்காது. 150-ஐ முப்பது ஐந்தாக உடைத்து, ஒவ்வொரு ஐந்துக்கும் ஒருமுறை ‘தட்டு()’ கேட்டு, கிடைத்ததை ஒரு மாறியில் பிடித்து வைத்த பிறகுதான் பாம்பு சொன்ன பேச்சைக் கேட்டது.

எழுத்துகளை வாங்கும் இடத்தில் இன்னொரு கூத்து. நான் பள்ளி விடுமுறைகளில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டுக்குப் போய் லோயர், ஹையர் இரண்டும் முடித்தவள். வேகமாக அடிக்கும்போது ஒரு விரல் எழும்புவதற்குள் அடுத்த விரல் இறங்கியிருக்கும், அது கையோடு வந்த பழக்கம். பாடத்தின் ‘ரீட்கேர்’ செயலின் விதி, விசை அழுத்தப்படும் வரை காத்திரு, விடுபடும் வரை காத்திரு, பிறகு எழுத்தைத் திருப்பு என்பது. நான் எழுதிய ஆபரேட்டிங் சிஸ்டத்திலும் அதை அட்சரம் பிசகாமல் அப்படியே எழுதியிருந்தேன். எட்டு எழுத்து அடித்தால் திரையில் ஐந்துதான் வந்தது. முதல் விசைக்கும் இரண்டாவதற்கும் நடுவே பெட்டி பூஜ்யத்துக்குப் போகவே இல்லை, ஆகவே ‘இன்னும் விடவில்லை’ என்று நினைத்துக் காத்துக்கொண்டே இருந்துவிட்டது, இரண்டாவது எழுத்து அம்போ. ஒற்றை விரலால் தேடித் தேடிக் குத்தும் என் மகளுக்கு எட்டும் வந்தது! ஹையர் சர்டிபிகேட்டைக் கிழித்துப் போடலாமா என்று தோன்றியது. ‘விடும் வரை காத்திரு’ என்பதை ‘மாறும் வரை காத்திரு’ என்று மாற்றினேன், அதாவது தட்டு() செயலையே இங்கும் போட்டேன். எட்டும் வந்தன.

நடுவில் இரண்டு ராத்திரி வீணாய்ப் போனதையும் சொல்லிவிடுகிறேன். சில எழுத்துகள் மட்டும் இரட்டை இரட்டையாக விழுந்தன. தட்டு() செயலைப் பிரித்து மேய்ந்தேன், அசெம்ப்ளி வரை இறங்கிப் பார்த்தேன். கடைசியில் பார்த்தால், ஆன்லைனில் ஒரு கடையில் தள்ளுபடியில் வாங்கிய என் கீபோர்டின் இரண்டு விசைகள் நிஜமாகவே ஓர் அழுத்துக்கு இரண்டு தடவை துடிக்கின்றன. ஆபீஸ் கீபோர்டைக் கொண்டுவந்து செருகினேன், சரியாகிவிட்டது. இவ்வளவு நாள் இமெயிலில் வந்த இரட்டை எழுத்துகளை என் அவசரம் என்று நினைத்திருந்தேன். கடைக்காரர் ‘திரும்பப் பெறும் காலம் முடிந்துவிட்டது’ என்று கையை விரித்துவிட்டார்.

எண்ணை வாங்கும் செயலில் எனக்குக் கிடைத்த பாடம் சின்னது. இந்தக் கணினியில் ஒரு முழு எண் –32768 முதல் 32767 வரைதான். 40000 என்று அடித்தேன், –25536 என்று வந்து நின்றது. பில்லிங்கில் இருப்பவளுக்கு இந்த மாதிரி எண்ணைப் பார்த்தால் வயிறு கலங்கும். ஐந்தாவது இலக்கம் வரும்போது எல்லையைச் சோதிக்க நான்கு வரி சேர்த்தேன், விஷயம் முடிந்தது.

இதைவிடப் பெரியது ஹீப் ஒழுகல். “உங்கள் எண்?” என்று கேட்டு ஒரு வரி வாங்கும் நிரலைச் சுழற்சியில் போட்டு ஓடவிட்டேன். நூற்றுச் சொச்சம் தடவை ஒழுங்காகக் கேட்டது, பிறகு திரையில் ‘இஆர்ஆர்6’ என்று போட்டுவிட்டுப் படுத்துவிட்டது. 6 என்றால் ஹீப் நிரம்பிவிட்டது என்று அர்த்தம். இங்கே மேற்கோளுக்குள் இருக்கும் சரம் (எழுத்துகளின் கோவை) என்பது சும்மா கிடக்கும் மாறிலி கிடையாது. அந்த வரி ஓடும் ஒவ்வொரு முறையும் புதிதாக ஒரு சரம் உண்டாக்கி, எழுத்து எழுத்தாகச் சேர்க்கிறது. குப்பை அள்ள இங்கே யாரும் வரமாட்டார்கள், நாமே அள்ளவேண்டும். கேள்விக்கு ஒரு சரம், பதிலுக்கு ஒரு சரம், இரண்டையும் நான் விட்டுவிட்டேன். ஹீப்பின் மொத்த அளவே 14,336 சொற்கள். இப்போது கேள்விச் சரத்தை நிரல் தொடங்கும்போதே ஒருமுறை உண்டாக்கி ஸ்டாடிக்கில் வைத்துவிடுகிறது கம்பைலர்.

சரி, வாங்கலாமா வேண்டாமா என்று கேட்டால், காசில்லாத சாமான், எடுத்துப் பாருங்கள். என் மதிப்பெண் ஐந்துக்கு நான்கு. அடுக்கும் நினைவகமும் கண்முன் நகரும் அந்த ஒரு வசதிக்கே மூன்று கொடுப்பேன். பழைய ஜாவா பதிப்பில் எழுத்துகள் பொடிப்பொடியாக இருக்கும், என் வயதுக்குக் கண்ணாடி வேண்டும். விசைகளை வாங்க முதலில் எமுலேட்டரில் உள்ள கீபோர்டுப் பொத்தானைச் சொடுக்கவேண்டும், மறந்தால் நீங்கள் என்ன அடித்தாலும் அது கண்டுகொள்ளாது. அனிமேஷனை நிறுத்தி வைக்காமல் விளையாட்டு ஆட முயன்றால் பாம்பு நத்தையாகிவிடும். ஆபரேட்டிங் சிஸ்டச் செயல்களை நீங்கள் எழுதாமல் விட்டால், உள்ளேயே இருப்பதைப் பயன்படுத்தட்டுமா என்று கேட்டுவிட்டு அதுவே பார்த்துக்கொள்ளும். புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு இது பெரிய உபகாரம், கம்பைலரை முதலில் சரிசெய்துவிட்டு மற்றதைப் பிறகு பார்க்கலாம்.

இந்த விஎம்மோடு நிற்காமல் கீழே சிபியூ எமுலேட்டர் வரை இறங்கப் போகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். நிரலை வைக்கும் நினைவகமான ஹேக்கின் ரோமில் 32,768 கட்டளைகளுக்குத்தான் இடம். ஒரு விஎம் கட்டளை பல அசெம்ப்ளி வரிகளாகப் பெருகும். என் பாம்பும் என் ஆபரேட்டிங் சிஸ்டமும் சேர்ந்து அதில் அடங்கவில்லை. அது இன்னொரு ஆறு வாரத்துக்கான வேலை.

குறைத்த அந்த ஒரு மதிப்பெண் அந்த ஒரே பெட்டிக்காகத்தான். பாடம் நடத்த ஒரு பெட்டி போதும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பக்கத்திலேயே ஒப்பிட ஆட்கள் இருக்கிறார்கள். யேல் பட், சஞ்சய் படேல் இருவரின் பாடநூலோடு வரும் எல்சி-3 என்ற பயிற்சிக் கணினியில் கீபோர்டுக்கு இரண்டு பெட்டிகள். ஒன்றில் எழுத்து, இன்னொன்றில் ‘புதிதாக வந்திருக்கிறது’ என்று காட்டும் கொடி. எழுத்தைப் படித்ததும் கொடி தானாக இறங்கிவிடும். நான் தட்டு() எழுதிய தலைவலி அங்கே இருந்திருக்காது. 1977-ல் ஆர்சிஏவின் காஸ்மாக் விஐபி கணினிக்காக ஜோசப் வைஸ்பெக்கர் உருவாக்கிய சிப்-8 விஎம்மோ வேறு ரகம். மொத்தம் 16 விசைகள், ஆனால் ஒவ்வொன்றும் அழுத்தியிருக்கிறதா என்று தனித்தனியே கேட்கலாம். ஒரே நேரத்தில் இரண்டு பேர் இரண்டு விசையை அழுத்தினாலும் இரண்டும் தெரியும். நினைவகம் வெறும் 4096 பைட்டுதான், அதற்குள் இந்தத் தாராளம்!

ஹேக்கில் அது நடக்காது. பெட்டி ஒன்று, அதில் எண் ஒன்று. போன ஞாயிற்றுக்கிழமை எதிர்வீட்டுப் பையனை அழைத்து வந்த என் மகள், பாம்பை இரண்டு பேர் ஆடுவது போல மாற்றித் தரச் சொன்னாள். மாற்றித் தந்தேன். இவளுக்கு அம்புகள், அவனுக்கு எழுத்து விசைகள். ஐந்து நிமிஷத்தில் சண்டை. அவன் தன் விசையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டால் இவள் பாம்பு திரும்பவில்லையாம். “ஆன்ட்டி, நான் ஒண்ணுமே பண்ணல, சும்மா வெச்சிருந்தேன்” என்கிறான் அவன். அவன் சொல்வதும் நியாயம்தான். சிப்-8-க்கு நிரல் எழுதும் பின்பகுதி ஒன்றைக் குருவிக்குத் தொடங்கியிருக்கிறேன். அது முடியும் வரை ஆளுக்குப் பத்து நிமிஷம் என்று சமையலறை அலாரத்தை வைத்துவிட்டேன்.